தோட்டப்புறமும் தமிழாசிரியரும்

மாதா, பிதா, குரு, தெய்வம் என முன்னோர் வகுத்த வரிசையில் குருவுக்கு அடுத்து நிற்பது தெய்வம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் இவ்வரிசை வாய்ச்சொல்லாக மட்டும் நின்றுவிடவில்லை, மண்ணிலேயே அமைந்திருந்தது. லயங்களின் ஒரு கோடியில் மாரியம்மன் கோயில், அதற்குச் சற்றுத் தொலைவில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட தமிழ்ப்பள்ளி, பள்ளியை ஒட்டினாற்போல் வாத்தியார் வீடு என்பது பல தோட்டங்களில் காணக்கிடைத்த காட்சியாகும். இவ்விழா மலரைக் கையிலேந்தும் பக்தர்களுள் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர், அத்தகைய பள்ளியொன்றில் சிலேட்டும் குச்சியும் பிடித்து எழுதப் பழகியவர்களே.

ஆலய வரலாறுகள் எழுதப்படும்போது, நிலம் தந்தவர், சிலை எடுத்தவர், திருப்பணி செய்தவர், தலைமை ஏற்றவர் ஆகியோரின் பெயர்கள் கல்லிலும் மலரிலும் இடம்பெறுகின்றன. அவ்வாலயத்தின் வரவு செலவை ஆண்டுதோறும் எழுதி வைத்த கை யாருடையது என்பது பெரும்பாலும் குறிப்பிடப்படுவதில்லை. பல தோட்டங்களில் அது தமிழாசிரியரின் கையாகவே இருந்தது. அந்தக் கை எழுதியவை கோயில் கணக்கோடு முடிந்துவிடவில்லை என்பதை எண்ணிப் பார்ப்பது இத்திருவிழாக் காலத்திற்குப் பொருத்தமாகும்.

சட்டம் தந்த பள்ளி

மலேசியாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் பினாங்கில் 1816ஆம் ஆண்டு என்று கொள்ளப்படுகிறது. எனினும், தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது இருபதாம் நூற்றாண்டில், இரப்பர் பயிர் நாடெங்கும் பரவிய பின்னரேயாகும். கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்திறங்கினர். பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் மரம் வெட்டப் புறப்பட்டுவிட்டால், பிள்ளைகளைக் கவனிப்பார் இல்லை. கைக்குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோயில் வாசலும் மரத்தடியுமே புகலிடம்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் தோட்டங்களில், நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என அது விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்ததேயன்றி, ஆசிரியரைத் தந்துவிடவில்லை. தொடக்க காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ தம் வேலைக்கிடையில் பாடம் சொல்லிக் கொடுத்த தோட்டங்கள் பல. பின்னர் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் கல்வி கற்று வந்தவர்களும், தோட்டப் பள்ளியிலேயே படித்துத் தேறிய இளைஞர்களும் ஆசிரியப் பணியில் அமர்ந்தனர். ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்களோடு ஒப்பிட அவர்கள் பெற்ற ஊதியம் மிகக் குறைவு. ஊதியம் தருவது நிர்வாகம், குடியிருக்கும் வீடும் நிர்வாகத்தினுடையது என்னும் நிலையில், ஆசிரியரின் வாய்க்கு ஒரு பூட்டு எப்போதும் தொங்கிக் கொண்டிருந்தது.

அப்பூட்டைத் தொழிலாளர்களே ஒருமுறை அசைத்துப் பார்த்தனர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையைக் கேட்ட மக்கள், அதே மூச்சில் கல்வியையும் கேட்டனர் என்பது நினைவில் இருத்தத் தக்கதாகும்.

ஓர் அறையில் பல வகுப்புகள்

சிறிய தோட்டங்களில் ஆசிரியர் ஒருவர், அறையும் ஒன்று. முதல் வகுப்பினர் சிலேட்டில் எழுதிக் கொண்டிருக்க, மூன்றாம் வகுப்பினர் வாய்ப்பாடு ஒப்பிக்க, நான்காம் வகுப்பினருக்கு வாசிப்புப் பாடம் நடக்கும். பெரிய மாணவன் சிறியவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை வசதிக்காக அன்று, வேறு வழியின்மையால் நிலைத்தது. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் கூட்டாக ஒலிக்கும் ஓசை லயம் வரை கேட்கும். காலையில் பிள்ளைகளும் வெளிக்காட்டு வேலைக்குச் சென்ற தோட்டங்களில், பள்ளி பிற்பகலில் நடந்தது. களைத்து வந்து மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையை எழுப்புவதா, உறங்க விடுவதா என்பதை எந்தக் கல்வித்துறையும் ஆசிரியருக்குப் பயிற்றுவிக்கவில்லை.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அவர்களைச் சார்ந்தது. இடுப்பில் குழந்தையோடு வரும் சிறுமியைத் திருப்பி அனுப்பாமல், குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொள்ள இசைந்த ஆசிரியரால்தான் அச்சிறுமி கையெழுத்திடக் கற்றாள். கைநாட்டு வைத்த தாய்க்கும், கையெழுத்திட்ட மகளுக்கும் இடையே நின்றது அந்த ஒரு இசைவே.

சப்பானியர் ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை, இச்சிறு உலகம் நிலைகுலைந்தது. சயாம் – பர்மா இரயில் பாதை அமைக்கப் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவேயில்லை. போருக்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் பெயரை எழுதும் கட்டத்தில் ஆசிரியர் பேனாவை நிறுத்த வேண்டிய வீடுகள் பல இருந்தன.

அந்திப்பொழுதில் லயத்து வாசலில்

வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே தொடர்ந்து சில நாள் வரவில்லை என்று குறி விழுந்தால், வாத்தியார் அந்திப்பொழுதில் லயத்திற்குச் செல்வார். அப்பிள்ளைக்கு வயது பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு இருக்கும். புல் வெட்டவோ, ஒட்டுப்பால் சேர்க்கவோ, பிற்காலத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கவோ போயிருக்கும். வாத்தியாரையா வந்திருக்கிறார் என்று பாய் விரித்து, வரக்காப்பி வைத்து, குடும்பத்தார் மரியாதை செய்வர். பேச்சு மட்டும் எளிதாக இராது. பிள்ளையின் சில வெள்ளி வருமானம் இல்லாவிட்டால் கடைக்காரர் கடனை அடைக்க முடியாது எனத் தாய் கூறுவதில் பொய் இல்லை. படிப்பை இப்போது விட்டால் இவனும் பால்வாளியோடுதான் காலம் கழிப்பான் என வாத்தியார் கூறுவதிலும் பொய் இல்லை.

சில வேளை பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரும். பல வேளை வராது. தோட்டத்திற்கு ஆள் தேவை என்பதை அறிந்த ஆசிரியர், அதே தோட்டத்தின் ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு, பிள்ளையை வேலைக்கு அனுப்பாதீர் எனக் கேட்பது எத்தகைய இக்கட்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் சமூகத்தைப் போற்றுவோர் வென்ற பிள்ளைகளையே எடுத்துக்காட்டுவர். அவர்கள் வாசல்படி வரை சென்று வெறுங்கையோடு திரும்பிய மாலைப் பொழுதுகளும் அவ்வரலாற்றில் அடங்கும்.

எழுதிக் கொடுத்த கை

சம்பள நாள் மாலையில் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் கூட்டம் இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப, நலம் விசாரிக்க, திருமணச் செய்தி சொல்ல, சாவுச் செய்தி அறிய அனைவருக்கும் அவர் பேனாவே துணை. வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் அவரே. ஒவ்வொரு குடும்பத்தின் கடனும் கண்ணீரும் அறிந்தும், அவற்றை வெளியில் சொல்லாதிருந்தமையே அவருக்குக் கிட்டிய மதிப்பின் வேர் எனலாம்.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது, அப்பேனாவின் பணி பன்மடங்கு கூடியது. தகுதியுடையோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு ஏற்பட்டது. வந்து சேர்ந்த ஆண்டு எது, பிறந்த தோட்டம் எது, பிறப்புப் பத்திரம் எங்கே என்னும் வினாக்களுக்கு விடை தேடிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்த ஆசிரியர்கள் பலர். அக்காகிதத்தின் அருமை பன்னிரண்டு ஆண்டுகளில் தெரிந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் வேலையிழந்தனர். ஆண்டுக்கணக்கில் உழைத்த நாட்டைவிட்டுப் பலர் கப்பலேறினர். படிவம் நிரப்பிய வீடு தங்கியது, நிரப்பாத வீடு பிரிந்தது என்னும் அளவுக்கு ஒரு தாளின் எடை இருந்தது. அலட்சியமாக இருந்தவரை மூன்று முறை வற்புறுத்திக் கையெழுத்திட வைத்த ஆசிரியர், அக்குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கு நிலம் காட்டியவராவார்.

அதே பேனாதான் கோயில் கணக்கையும் எழுதியது. தொழிலாளர் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்பட்ட கோயில் சந்தா, உபயகாரர் பட்டியல், பந்தல் செலவு, மேளக்காரர் கூலி ஆகிய யாவும் ஏட்டில் ஏறின. திருவிழா நெருங்கினால் பள்ளி பாதிக் கோயிலாகிவிடும். பிள்ளைகளுக்குத் தேவாரம் பயிற்றுவிப்பதும், இரவு நாடகத்திற்கு ஒத்திகை நடத்துவதும், அழைப்பிதழில் பிழை திருத்துவதும் வாத்தியாரின் பொறுப்பு. எந்தச் சாதியார் எந்த மண்டகப்படி என்னும் பூசல் எழுந்த இடங்களில், அனைவரையும் ஒரே பலகையில் அமர்த்திப் பாடம் சொன்னவர் என்ற தகுதியால் அவர் சொல் எடுபட்டதும் உண்டு, எடுபடாது போனதும் உண்டு.

வாத்தியார் வீடு

ஊருக்கெல்லாம் உழைத்தவரின் வீட்டில் செல்வம் குவியவில்லை. வீட்டுக்குப் பின்னே முருங்கையும் கோழிக்கூடும், முன்னே மண்ணெண்ணெய் விளக்கடியில் மாலைப் பாடத்திற்கு வந்த பிள்ளைகளும் இருந்தனர். பிரசவ வேளையில் துணை நிற்பது, பெண்களுக்குத் தையல் கற்றுத் தருவது, கணவன் குடித்து வந்த இரவில் அடைக்கலம் தேடி வருபவளுக்குக் கதவு திறப்பது என ஆசிரியரின் மனைவி ஆற்றிய பணிக்கு எந்தப் பதிவேடும் இல்லை. ஆசிரியரின் பிள்ளையோ, பள்ளியில் தந்தையை அப்பா என அழைக்க இயலாது. பிறர் பிள்ளைக்கு ஓரடி என்றால் தன் பிள்ளைக்கு ஈரடி கொடுத்து நடுநிலை காட்டிய ஆசிரியர்கள் உண்டு.

அவ்வீட்டுக்குள் ஒரு நெருடலும் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி முடித்தபின் மேற்படிப்புக்கு வழி குறுகியது. ஆகவே, தம் பிள்ளையைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பிறர் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்த ஆசிரியர்களும் இருந்தனர். ஊரார் அதனைக் குறிப்பிட்டுப் பேசியதுண்டு. தோட்டத்தில் வேறு பள்ளி இல்லாத பெற்றோருக்கு அத்தேர்வே கிட்டவில்லை என்பதையும், நகையை அடகு வைத்துப் பேருந்துக் கட்டணம் கட்டிய ஆசிரியர் குடும்பத்தின் அச்சத்தையும் சேர்த்தே நோக்குதல் நேர்மையாகும். 1962இல் தொடக்கக் கல்வி இலவசமாகியது. 1965 முதல் நுழைவுத் தேர்வின்றி இடைநிலைப் பள்ளி செல்லும் வழி திறந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழித்து, மேலே ஏறினர். தமிழ் மட்டுமே கற்றிருந்த ஆசிரியர்கள், தம் மாணவருக்காகவே இரவு வகுப்புகளில் அமர்ந்து மலாய் மொழியைக் கற்றனர். இவ்வழியே ஏறி வந்தோர் இன்று அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும், ஆலய நிர்வாகங்களிலும் அமர்ந்துள்ளனர்.

எஞ்சியிருக்கும் ஏடுகள்

1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பல கைகளுக்கு விற்கப்பட்டன. துண்டாடலுக்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய்த் தாமான்கள் வந்தன. விடுதலையின்போது 800க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேலாக உள்ளன. மூடப்பட்டவை போக, சில பள்ளிகள் புதிய இடங்களில் புதுக் கட்டடம் பெற்றன. சில கோயில்களும் அவ்வாறே இடம்பெயர்ந்தன.

இடம்பெயரும்போது சிலையைப் பாலாலயம் செய்து, மந்திரம் ஓதி, மரியாதையோடு கொண்டு வந்தனர். பழைய மரப்பெட்டியில் கிடந்த கணக்கேட்டுக்கும், சேர்க்கைப் பதிவேட்டுக்கும், ஆண்டுவிழாப் படங்களுக்கும் அம்மரியாதை எப்போதும் கிட்டவில்லை. கரையான் தின்றதும், லாரியில் ஏற்றாமல் விட்டதும் உண்டு. அவ்வேடுகளில் இருப்பது வெறும் தொகையும் பெயரும் அல்ல. எந்த ஆண்டு எந்தக் குடும்பம் எத்தனை வெள்ளி உபயம் தந்தது, எந்தப் பிள்ளை எத்தனையாம் வகுப்போடு நின்றது என்பதற்கு வேறு சான்று இல்லை.

ஆகவே, வீட்டுப் பரணிலோ, ஆலய அலமாரியிலோ அத்தகைய ஏடு ஒன்று இருப்பின், அதனை எடுத்துத் துடைத்து, படியெடுத்து, ஆலயத்தில் ஒப்படைப்பதும் ஒரு திருப்பணியே. முதிய ஆசிரியர் ஒருவர் அருகில் வாழ்ந்தால், திருவிழா நாளில் அவரை அழைத்து முன்வரிசையில் அமர்த்தி, மாலை மரியாதை முடிந்ததும் அவர் நினைவில் உள்ள பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வது அதனினும் சிறந்தது. அவர் பிறருக்காக எழுதியது போதும். அவருக்காக இனிப் பிறர் எழுதட்டும்.

குருவையும் தெய்வத்தையும் அருகருகே வைத்த அம்மக்களின் பண்பு தழைக்கவும், எழுத்தறிவித்த அப்பெருமக்களின் குடும்பங்கள் நலமுடன் வாழவும் அன்னை மாரியம்மனின் திருவருள் துணை நிற்குமாக.