நிலநடுக்க இடர் மாதிரியாக்கத்தில் புவித்தொழில்நுட்பப் பொறியாளர்

நிலநடுக்கம் வந்தால் ஓர் ஊரில் எவ்வளவு சேதம் ஏற்படும் என முன்கூட்டிக் கணக்கிடும் குழுவில் மண்ணுக்குப் பொறுப்பேற்பவர் புவித்தொழில்நுட்பப் பொறியாளர். பாறை வழியே தணிந்து வரும் அதிர்வையும் மென்களிமண் பலமடங்கு பெருக்கிவிடும். 1985இல் மெக்சிகோ நகரம், நிலநடுக்க மையத்திலிருந்து 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்தும் பேரழிவைச் சந்தித்ததற்கு அது அமர்ந்திருந்த பழைய ஏரிப்படுகையே முக்கியக் காரணம்.

இன்னோர் ஆபத்து மண் திரவமாதல். நீர் நிறைந்த தளர்மணல் குலுங்கும்போது துகள்களுக்கிடையே நீரழுத்தம் ஏறி, மணல் தாங்குதிறனை இழக்கிறது. 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் கவாகிஷிச்சோ அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலேயே சாய்ந்தன. ஒன்று ஏறத்தாழத் தரையோடு படுத்துவிட்டது.

இதைக் கணிக்கத் தேவையான களச்சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. துளையிட்டு, அதில் மண் எடுக்கும் மாதிரிக்குழாயை இறக்கி, அதை உள்ளே செலுத்த 63.5 கிலோ சம்மட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். குழாய் முதல் 15 செ.மீ. இறங்குவது கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ. இறங்கச் சம்மட்டி எத்தனை முறை அடித்தது என்பதே விடை. எண் சிறிதானால் மணல் தளர்வு. இந்த எண்ணிலிருந்து திரவமாகும் வாய்ப்பை மதிப்பிட சீட், இட்ரிஸ் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1971இல் வகுத்த முறை இன்றும் அடித்தளமாக நிற்கிறது.

கட்டடத்தின் வலிமையை மட்டும் பார்க்கும் மாதிரி பாதிக் கணக்குதான். 2011 நிலநடுக்கத்தில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் நிலமே கெட்டுப்போனதால் ஆயிரக்கணக்கான வீட்டுமனைகளை அரசு விலைக்கு வாங்கி, வீடுகளை அகற்றியது.