தைலமாட்டு முதல் உடற்பதனம் வரை: இறந்தோர் உடலைக் காத்தலும் அதற்குரிய தமிழ்ச் சொற்களும்

சிங்கப்பூரின் கிழக்குக் கரையை ஒட்டிய காத்தோங் வட்டாரம், பல சமூகங்களின் இறுதிச் சடங்குகளை ஒருங்கே காணத்தக்க இடமாகும். சிலோன் சாலையில் இலங்கைத் தமிழர் வளர்த்த செண்பக விநாயகர் கோயில் உள்ளது. கத்தோலிக்கரின் திருக்குடும்ப ஆலயமும், பெரனாக்கான், யுரேசியக் குடும்பங்களின் பழைய இல்லங்களும் அதற்கு அண்மையில் உள்ளன. இந்துக்கள் பெரும்பாலும் ஓரிரு நாள்களுக்குள் எரியூட்டுவர். முஸ்லிம்கள் இயன்றவரை அன்றே அடக்கம் செய்வர். சீனர் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை நாள்கள் உடலை வைத்திருந்து அஞ்சலி செலுத்துவர். வெப்பமும் ஈரமும் மிக்க இத்தீவில் அத்தனை நாள் உடலை வைத்திருப்பதற்குத் துணைநிற்கும் தொழிலையே ஆங்கிலத்தில் எம்பாமிங் என்கின்றனர். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழில் இறப்பைச் சார்ந்த சொற்களுக்குப் பஞ்சமில்லை. முதுமக்கள் தாழி, நடுகல், ஈமம், பள்ளிப்படை என அவை நீளும். ஆதிச்சநல்லூரில் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தாழி வனையும் குயவரை விளித்துப் பாடும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. தம் பாட்டனார் அரிஞ்சயருக்கு முதலாம் இராசராசன் மேல்பாடியில் பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தான். ஆயினும் இச்சொற்கள் யாவும் உடலை அடக்குவதையோ எரிப்பதையோ அதன் பின்னர் எழும் நினைவையோ குறிப்பன. உடலை அழியாது வைத்திருக்கும் செயலைக் குறிக்கும் பழஞ்சொல் நமக்கு அரிதாகவே கிடைக்கிறது. விரைந்து அடக்குவதே மரபாக இருந்த இடத்தில் அச்சொல்லுக்குத் தேவை எழவில்லை எனக் கருதலாம்.

அவ்வாறு கிடைக்கும் அரிய சொல் கம்பராமாயணத்தில் உள்ளது. அயோத்தியா காண்டத்தில் ஒரு படலத்தின் பெயரே தைலமாட்டுப் படலம். தசரதன் இறந்தபோது இராமனும் இலக்குவனும் காட்டில் இருந்தனர்; பரதனும் சத்துருக்கனனும் கேகய நாட்டில் இருந்தனர். கடன் செய்ய மைந்தர் எவரும் அருகில் இல்லாமையால், பரதன் வரும்வரை மன்னன் உடலைத் தைலத்தில் வைக்குமாறு வசிட்டர் பணித்தார். நீராட்டு என்பது போலத் தைலத்தால் ஆட்டுவது தைலமாட்டு. எண்ணெய் உடலைச் சூழ்ந்து காற்றை விலக்கும். அழிவைச் சற்றே தாமதப்படுத்தும்.

ஆங்கிலச் சொல்லின் வேரும் இதற்கு அணித்தே உள்ளது. எம்பாம் என்பதற்குள் இருப்பது, தலைவலிக்கு நாம் பூசும் பாம் என்னும் சொல்தான். நறுமணப் பிசினையும் தைலத்தையும் குறித்த சொல் அது. எகிப்தியர் நேட்ரான் என்னும் உப்பால் உடலின் ஈரத்தை உறிஞ்சிப் பிசினும் எண்ணெயும் பூசினர். முறை மாறிய பின்னும் ஐரோப்பியர் பழைய பெயரையே வைத்துக்கொண்டனர்.

முறை மாறியது 18ஆம் நூற்றாண்டில். இலண்டனில் பணியாற்றிய உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹண்டர் இரத்தக்குழாய் வழியே மருந்தைச் செலுத்தும் முறையை வளர்த்தார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், களத்தில் மாண்ட வீரரை ஊருக்கு அனுப்ப இம்முறை பரவியது. 1865இல் ஆபிரகாம் லிங்கனின் உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு இரயிலில் சென்றமையும் அதற்குப் பெயர் தேடித்தந்தது. தொடக்கத்தில் ஆர்செனிக் போன்ற நஞ்சுகளே பயன்பட்டன; பின்னர் அவ்விடத்தை ஃபார்மால்டிஹைடு பிடித்தது.

இன்றைய முறையின் அடிப்படையை மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். உயிர் பிரிந்ததும் உடல் குளிர்கிறது. இரத்தம் தாழ்ந்த பகுதிகளில் தேங்கித் தோலில் கருஞ்சிவப்புத் தோன்றுகிறது. சில மணி நேரத்தில் தசைகள் விறைத்து, ஓரிரு நாளில் மீண்டும் தளர்கின்றன. இவற்றை முறையே பிணக்குளிர்ச்சி, பிணநிறமாற்றம், பிணவிறைப்பு எனலாம். அதன்பின் உடலின் நொதிகளும் நுண்ணுயிர்களும் திசுக்களைச் சிதைக்கின்றன. பதனம் செய்வோர் உடலைக் கழுவி, விறைத்த மூட்டுகளைப் பிடித்துத் தளர்த்துவர். கழுத்துத் தமனி வழியே மருந்தைச் செலுத்தி, சிரை வழியே இரத்தத்தை வெளியேற்றுவர். வயிற்றறைக்கும் மார்பறைக்கும் தனியே மருந்திடுவர். ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைப்பதால் நுண்ணுயிர்கள் அவற்றை எளிதில் சிதைக்க இயலாது. அழிவு நிற்பதில்லை, தள்ளிப்போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இவ்வேதிப்பொருளைப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியது. எனவே காற்றோட்டமும் கையுறையும் இத்தொழிலில் இன்றியமையாதவை.

தமிழர் வாழும் நாடுகளில் இத்தொழிலின் சொற்கள் வேறுபடுகின்றன. இலங்கையில் உடலை வைத்து அஞ்சலி செலுத்தும் நிலையம் மலர்ச்சாலை எனப்படுகிறது. அது சிங்களச் சொல்லின் வழிவந்தது. அங்குள்ள மரண அறிவித்தல்கள் பூதவுடல் என்னும். சிங்கப்பூர், மலேசிய அறிவிப்புகளில் நல்லுடல் என்பதைக் காண்கிறோம். தமிழகத்தில் 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதா மறைந்தபோது எம்பாமிங் என்னும் சொல் நாளிதழ்களின் வழியே வீடுதோறும் சென்றது. பதப்படுத்துதல் என்பாரும் உளர். அச்சொல் மீனையும் பழத்தையும் நினைவூட்டும். பதனிடுதல் என்றால் தோல் தொழிற்சாலை நினைவுக்கு வரும். வேதியியல் நோக்கில் அவ்வொப்புமை பிழையன்று. எனினும் தந்தையை இழந்த மகனிடம் சொல்லத்தக்க சொல் அன்று.

இது அகராதி தொகுப்போரின் சிக்கல் மட்டுமன்று. தமிழகத்திலிருந்து இங்கு வந்து உழைக்கும் ஒருவர் இறந்தால், அவர் உடல் திருச்சிராப்பள்ளிக்கோ சென்னைக்கோ விமானத்தில் செல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழ், பதனச் சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஏற்றுமதி அனுமதி ஆகியவை தேவை. ஏற்றுமதி என்னும் சொல்லே குடும்பத்தாரைத் துணுக்குறச் செய்யும். பதனத்தைப் பிரேதப் பரிசோதனையோடு குழப்பி, உடலை ஏன் அறுத்தனர் என அவர்கள் ஐயுறவும் கூடும். இரண்டும் வேறு. பரிசோதனை இறப்பின் காரணத்தைத் தேடுவது. பதனம் உடலைக் காப்பது. ஐயத்துக்குரிய இறப்பாயின், மரண விசாரணை அதிகாரி உடலை விடுவித்த பின்னரே பதனம் செய்யத் தகும். முன்னரே செய்தால் நஞ்சின் தடயங்கள் மாறிவிடும். இந்த வேறுபாட்டை ஊரிலுள்ள தாய்க்கும் மனைவிக்கும் தொலைபேசியில் விளக்குவோரிடம் தெளிந்த தமிழ்ச் சொற்கள் இருக்க வேண்டும்.

ஆதலின் உடற்பதனம் என்னும் சொல்லை நாம் முன்வைக்கிறோம். பதனம் என்பதற்குக் காத்தல், கருத்தாகப் பேணல் என்னும் பொருள்கள் உண்டு. உடற்பதனர், பதனச் சான்றிதழ், பதன மருந்து எனக் கிளைச் சொற்களும் அதிலிருந்து இயல்பாகப் பிறக்கும். தைலமாட்டு என்பது தமனி வழியே செலுத்தும் முறைக்குப் பொருந்தாது. அதனை வரலாற்றுச் சொல்லாகக் கற்பிக்கலாம். அப்படலத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், பரதன் வருகைக்காக அயோத்தி காத்திருந்ததையும், வெளிநாட்டுப் பிள்ளையின் வருகைக்காகக் காத்தோங்கில் ஒரு குடும்பம் காத்திருப்பதையும் ஒப்பிடுமாறு மாணவரைத் தூண்டலாம். ஒப்பிட்ட பின், பதனச் சான்றிதழ் என்றால் என்னவென்று புதுக்கோட்டையில் உள்ள ஒரு தாய்க்கு விளங்குமாறு ஐந்து தொடர்களில் எழுதச் சொல்லலாம்.