நடையும் பின்னலும்



இங்கிலாந்து நாட்டில் விடுமுறைக் காலம் வந்துவிட்டால் ஒரு சாரார் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைப்புறங்களை நோக்கி நடக்கப் புறப்பட்டுவிடுகின்றனர். பகலெல்லாம் நடந்து, மாலையில் விடுதி சேர்ந்ததும், பையிலிருந்து கம்பளி நூற்பந்தையும் ஊசிகளையும் எடுத்துப் பின்ன உட்காருகின்றவர்களும் அவர்களுள் உண்டு. நடையும் பின்னலும் இன்று மனத்துக்கு இதம் தரும் பொழுதுபோக்குகளாக எண்ணப்படுகின்றன. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதே மலைகளில், அதே பாதைகளில், நடந்துகொண்டே பின்னிய மக்கள் வாழ்ந்தனர். விடுமுறை என்ற சொல்லுக்கு அவர்கள் வாழ்வில் இடமே இல்லை. பிழைப்பாக இருந்த இவ்விரு செயல்களும் பொழுதுபோக்காக மாறிய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

வட இங்கிலாந்தின் நடுவே முதுகெலும்பு போல நீண்டு கிடப்பது பென்னைன் மலைத்தொடர். அதன் மேற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் ஒன்று டென்ட். மழை மிகுதி, உழவுக்கு ஏற்ற நிலம் குறைவு, ஆடுகளோ ஏராளம். சிறு பண்ணையின் வருவாய் குடும்பத்தின் வயிற்றை நிரப்பப் போதவில்லை. ஆகவே அங்கே ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி எல்லாரும் கம்பளிக் காலுறையும் தொப்பியும் கையுறையும் பின்னினார்கள். கெண்டல் நகரத்து வணிகர்கள் நூலைக் கொடுத்துப் பின்னிய பொருளைக் கூலி தந்து வாங்கிச் சென்றனர். போர்க்காலங்களில் படைவீரர்களின் கால்களுக்கும் உறை வேண்டியிருந்ததால் இந்தத் தொழில் செழித்தது.

காலுறை பின்னும் இயந்திரம் அந்நாட்டில் புதிதன்று. நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர் 1589-ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டுபிடித்துவிட்டார். எலிசபெத் அரசி அதற்கு உரிமை வழங்க மறுத்தார் என்று மரபுவழிச் செய்தி ஒன்று உண்டு. ஆயினும் மலைநாட்டில் கைப்பின்னல் அதற்குப் பின்னரும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது. காரணம் எளிது. இயந்திரத்துக்கு முதல் வேண்டும்; இடம் வேண்டும்; அதனை விட்டு அகலவும் முடியாது. ஊசிக்கு இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. ஆடு மேய்க்கும்போது பின்னலாம். சந்தைக்கு நடக்கும்போது பின்னலாம்.

நடந்துகொண்டே பின்னுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அதற்கென ஒரு கருவி இருந்தது. ஒரு சாண் அளவில் மரத்தில் செதுக்கிய உறை அது; சில வாத்தின் சிறகைப்போல வளைந்திருக்கும். அதனை இடுப்புக் கச்சையின் வலப்பக்கத்தில் செருகிக்கொள்வார்கள். அதன் தலையில் ஒரு துளை உண்டு. வலக்கை ஊசியின் அடிமுனையை அந்தத் துளையில் பொருத்திவிட்டால் ஊசி அசையாது நிற்கும். பின்னலின் பாரத்தையும் இடுப்பே தாங்கிக்கொள்ளும். வலக்கை விரல்களுக்கு நூலை வீசும் வேலை ஒன்றே மிஞ்சும். நூற்பந்து இடுப்பில் ஒரு கொக்கியில் தொங்கும். இளைஞர்கள் தாம் விரும்பிய பெண்ணுக்கு இந்த மர உறையைத் தம் கையாலே செதுக்கி, அவள் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் பொறித்துக் காதற் பரிசாகத் தருவது வழக்கமாக இருந்தது. இப்படிப்பட்ட உறைகளை இன்று அந்நாட்டு அருங்காட்சியகங்களில் காணலாம். உழைப்புக் கருவியே காதற் பரிசாகவும் ஆனது, அந்த வாழ்வில் உழைப்பு எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருந்தது என்பதற்கு நல்ல சான்று என்பது என் கருத்து.

குளிர்கால இரவுகளில் விளக்கையும் விறகையும் மிச்சப்படுத்த, ஊரார் ஒரு வீட்டில் கூடி அடுப்பைச் சுற்றி அமர்ந்து பின்னுவார்கள். உடலை முன்னும் பின்னும் அசைத்து, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ஊசியை ஓட்டுவார்கள். வில்லியம் ஹோவிட் என்ற எழுத்தாளர் 1838-இல் வெளியிட்ட நூலில் இந்தக் காட்சியை விரித்து எழுதினார். டென்ட் ஊரிலேயே 1785-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் நிலவியல் பேராசிரியராக விளங்கிய ஆடம் செட்ஜ்விக் என்பவரும், தம் முதுமையில், 1868-இல், தம் ஊர்ப் பெண்களின் பின்னற் கூட்டங்களை அன்போடு நினைவுகூர்ந்தார். (இளைஞர் சார்லஸ் டார்வினை 1831-இல் வேல்ஸ் மலைகளுக்கு நடத்திச் சென்று பாறைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் இந்தச் செட்ஜ்விக்தான்.)

இவ்வளவும் கேட்கும்போது, ஆகா, எவ்வளவு இனிய வாழ்வு என்று தோன்றும். இங்கேதான் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் வீட்டுப் பெண்கள், பெட்டி யூடேல் என்ற மூதாட்டி சொல்லக் கேட்டு ஒரு கதையை அவருடைய வட்டார வழக்கிலேயே எழுதி வைத்தார்கள். ராபர்ட் சௌதே அதனைத் தம் நூல் ஒன்றில் சேர்த்தார். லாங்டேல் என்ற ஏரிப்புறப் பள்ளத்தாக்கில் ஓர் ஏழைக் குடும்பம். அங்கிருந்து ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவள் தங்கையும் பின்னல் கற்றுக்கொள்ள டென்ட்டுக்கு அனுப்பப்பட்டனர். காலையிலிருந்து இரவுவரை பின்னல், பின்னல், ஓயாத பின்னல். குழந்தைகள் ஏங்கிப்போயினர். ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் இருவரும் புறப்பட்டுவிட்டனர். குளிர்காலம், முப்பது மைலுக்குக் குறையாத வழி. செட்பர்க்கையும் கெண்டலையும் கடந்து, முன்பின் அறியாதவர்களின் இரக்கத்தால் உணவும் இடமும் பெற்று, அவர்கள் தம் வீடு சேர்ந்தனர். டென்ட் மக்களைப் பற்றி அக்கதை ஆளும் அடைமொழி 'பயங்கரப் பின்னற்காரர்கள்' என்று பொருள்படும். அந்த வட்டார வழக்கில் அதற்கு 'வியக்கத்தக்க' என்பதே கருத்து என்று அறிஞர் விளக்குகின்றனர். அந்த இரண்டு சிறுமிகளைக் கேட்டிருந்தால் வேறு விளக்கம் சொல்லியிருப்பார்கள் என்றே நான் நினைக்கின்றேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலின் நடுவில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் கதையும் இதற்கு உறவுடையதே. அங்கே எரிபொருளாகப் பயன்படும் 'பீட்' என்னும் சதுப்புநிலக் கட்டிகளைக் கூடையில் நிரப்பி, முதுகில் சுமந்து, பெண்கள் மலையிலிருந்து இறங்குவார்கள். அந்தச் சுமையோடு நடக்கும்போதும் கைகள் பின்னிக்கொண்டே இருக்கும். அவ்வாறு பின்னிய சால்வைகள் மோதிரத்துக்குள் நுழைந்து வெளிவரும் அளவுக்கு மெல்லியவை என்று உலகம் புகழ்ந்தது. பின்னியவளுக்குக் கிடைத்தது என்ன? கடைக்காரர்கள் காசு தருவதில்லை, பண்டமே தருவார்கள். தேயிலையும் துணியும் வாங்கிக்கொண்டு, பிறகு அந்தத் தேயிலையை அண்டை அயலில் கொடுத்து மாவு வாங்க வேண்டியிருந்தது. 1872-இல் அரசினர் நியமித்த விசாரணையாளர் வில்லியம் கத்ரி என்பவரின் முன்னிலையில் அப்பெண்கள் தாமே வந்து அளித்த சாட்சியங்கள் அச்சாகியுள்ளன. வரலாறு பயிலும் மாணவர்கள் அரசர்களின் கடிதங்களைப் படிக்கும் அதே கவனத்தோடு படிக்க வேண்டிய ஏடுகள் அவை.

இனி நடையின் கதைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வசதி உள்ளவன் குதிரையிலோ வண்டியிலோ சென்றான். நடந்து செல்பவன் ஏழை, அல்லது கள்வன் என்று கருதப்பட்டான். கார்ல் பிலிப் மோரிட்ஸ் என்ற ஜெர்மானியர் 1782-இல் அந்நாட்டைக் கால்நடையாகவே சுற்றிப் பார்க்க முயன்றார். கல்வியில் சிறந்தவர், கையில் மில்டனின் காவியத்தோடு நடந்தவர். என்றாலும் வழிச் சத்திரங்கள் சிலவற்றில் அவரை உள்ளே விடவே தயங்கினர். எட்டே ஆண்டுகள் கழித்து, 1790-இல், மாணவராக இருந்த வேர்ட்ஸ்வொர்த் தம் நண்பரோடு பிரான்ஸைக் கடந்து ஆல்ப்ஸ் மலைவரை நடந்தார். அவர் வாழ்நாளில் நடந்த தொலைவு 1,75,000 மைலுக்குக் குறையாது என்று டி குவின்சி கணக்கிட்டார். அந்தக் கணக்கை நாம் சரிபார்க்க வேண்டியதில்லை. கவிஞர்கள் நடந்தபின் நடை இழிவென்ற எண்ணம் மங்கத் தொடங்கியது என்பதே நமக்கு வேண்டுவது.

ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு இதனால் என்ன பயன்? லங்காஷயரில் கோல்ன் என்ற நெசவாலை ஊரில் லியோனார்ட் என்ற பாதிரியார் இருந்தார். ஆலைகள் ஆண்டுக்கு ஒரு வாரம் மூடப்படும்போது, ஆண்டெல்லாம் சேமித்த காசைத் தொழிலாளர்கள் கடற்கரை நகரங்களின் இரைச்சலில் செலவழித்துவிட்டுத் திரும்புவதை அவர் கண்டார். 1891-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுமார் முப்பது பேரை ஏரிப்புற நகரமான ஆம்பிள்சைடுக்கு அழைத்துச் சென்று நான்கு நாள் மலைகளில் நடக்கவைத்தார். அதிலிருந்தே கூட்டுறவு விடுமுறைச் சங்கம் தோன்றியது. 1930-இல் இளைஞர் விடுதிச் சங்கமும் எழுந்தது. ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். ஆலைப் பையனாலும் அதனைக் கொடுக்க முடிந்தது.

காசு ஓரளவு கிடைத்தது, வழிதான் கிடைக்கவில்லை. பொதுவாக இருந்த நிலங்கள் சட்டங்களின் மூலம் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாகியிருந்தன. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே பரந்து கிடந்த மேட்டுநிலங்கள், ஆண்டில் சில நாள்களே நடக்கும் பறவை வேட்டைக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் முன்நிற்க, சுமார் 400 பேர் கின்டர் ஸ்கவுட் என்ற அந்த மேட்டுநிலத்தின்மீது ஏறினார்கள். வேட்டைக் காவலர்களோடு கைகலப்பு நேர்ந்தது. ஐவருக்கு இரண்டு முதல் ஆறு திங்கள் வரை சிறை கிடைத்தது. அடுத்தவர் நிலத்தில் நடப்பது மட்டுமே அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகாது. எனவே கலகம் விளைத்தார்கள் என்று வழக்குத் தொடுத்தார்கள். நடக்க ஆசைப்பட்டதற்கு இத்தனை தண்டனையா என்று நாட்டில் பலர் கேட்டனர். முன்பு ஒதுங்கி நின்ற நடைச் சங்கத்தார்கூட அதன்பின் வாய்திறந்தனர்.

1938-இல் ஊதியத்தோடு கூடிய விடுமுறைச் சட்டம் வந்தது. போர் முடிந்தபின் 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. கின்டர் ஸ்கவுட்டை உள்ளடக்கிய பீக் மாவட்டம் 1951-இல் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. டென்ட் பள்ளத்தாக்கு அடங்கிய யார்க்ஷயர் டேல்ஸ் 1954-இல் பூங்காவாயிற்று. 1965-இல், அதே ஏப்ரல் 24-ஆம் நாளில், 268 மைல் நீளமுள்ள பென்னைன் பாதை திறந்துவைக்கப்பட்டது. திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை சட்டமாவதற்கு 2000-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டென்ட்டில் கைப்பின்னல் தொழில் இதற்குள் மறைந்துவிட்டிருந்தது. ஆலைகள் அதனை விழுங்கின. மேரி ஹார்ட்லியும் ஜோன் இங்கில்பியும் பழைய பின்னற்காரர்களைப் பற்றிய செய்திகளைத் தேடித் திரட்டி 1951-இல் ஒரு நூலாக வெளியிட்டிராவிட்டால் பல செய்திகள் நமக்குக் கிடைத்திரா. ஷெட்லாந்தில் தொழில் வேறு வழியில் பிழைத்தது. அத்தீவுகளைச் சேர்ந்த ஃபேர் ஐல் பாணியில் பல வண்ணத்தில் பின்னிய சட்டையை 1920-களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் கோல்ஃப் ஆடும்போது அணிந்தார். அதன்பின் அது நாகரிக உடையாயிற்று.

நம் தமிழ்நாட்டுக்கும் இக்கதையில் ஓர் இழை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அத்தொழிலைப் பரப்பினார். அந்தக் கால்டுவெல்தான் 1841-இல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குக் கால்நடையாகவே வந்தவர். ரேந்தையால் ஈட்டிய காசைக் கொடுத்து அடிமைப் பெண்கள் சிலர் தம்மை மீட்டுக்கொண்டனர் என்று சபை வரலாறுகள் கூறுகின்றன. திருவாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல் என்பதை நினைத்தால் அந்தக் காசின் அருமை விளங்கும்.

ஆனால் ஆந்திரத்தின் நரசாப்பூரில் கொக்கி ஊசியால் குரோஷே பின்னிய பெண்களின் நிலை வேறு. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982-இல் வெளியிட்ட நூலில் அதனை எடுத்துக்காட்டினார். அவர்கள் பின்னியவை கப்பலேறி வெளிநாடு சென்றன, வணிகர்கள் செல்வராயினர். பின்னியவர்களோ தொழிலாளர் என்ற கணக்கிலேயே வரவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கின்றனர் என்று சொல்லி, கூலியைக் குறைத்தனர். இங்கிலாந்தில் பிழைப்பு ஓய்வாக மாறிற்று. இங்கே பிழைப்புக்கு ஓய்வு என்று பெயர் சூட்டப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நீங்கள் மறவாமல் இருக்க வேண்டும்.

இன்று இல்க்லி என்ற ஊரில் தொடங்கி, ஆற்றங்கரைகளைப் பற்றிக்கொண்டு, விண்டர்மியர் ஏரிக்கரையில் முடிகின்ற சுமார் 80 மைல் நடைபாதை ஒன்று இருக்கிறது. டேல்ஸ் பாதை என்று அதற்குப் பெயர். அது டென்ட் ஊருக்குள் நுழைந்து, செட்பர்க்கைத் தொட்டு, கெண்டலின் அருகாகச் சென்று ஏரிநாட்டை அடைகின்றது. விடுமுறையில் அதன் வழியே நடப்பவர்களுள் பலர், பின்னல் ஊசியைக் கீழே போட்டுவிட்டு அந்த இரண்டு சிறுமிகள் தம் வீட்டை நோக்கி ஓடிய திசையிலேதான் நடக்கின்றனர்.