துடுப்பில் காது வைத்தவர்கள்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுறதைக் கேட்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நிலவு நாளில், காற்று விழுந்த நேரம், கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போக வேணும். துடுப்பைத் தண்ணிக்குள் நட்டுப் பிடித்து, மேல் நுனியைக் காதோடு ஒட்டி வைக்க வேணும். வேற ஒரு சாமானும் தேவையில்லை.

இதில் மந்திரம் ஒண்டும் இல்லை. தண்ணிக்குள் பிறக்கிற ஒலி நீர்மட்டத்தில் முட்டினால் பெரும்பகுதி திரும்பித் தண்ணிக்குள்ளேயே போய்விடும். ஆயிரத்தில் ஒரு பங்களவுதான் காற்றுக்கு ஏறும். மரம் அப்படியில்லை. தண்ணியில் இருந்து ஒலியை லேசாக வாங்கி, காதெலும்பு வரைக்கும் கொண்டு வந்து சேர்க்கும். அதனால்தான் எங்கட ஊரின் முதல் ஹெட்போன் துடுப்பு என்று நாங்கள் சொல்லுவோம். சிரிக்கலாம். ஆனால் ஹெட்போன் செய்கிற வேலையும் அதுதான்: எட்டாத ஒலியைக் காதுக்குள் கொண்டு வந்து விடுவது.

1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவர் இலங்கையின் குடியேற்றச் செயலாளர். 1859இல் வெளியான அவருடைய 'சிலோன்' நூலில் அந்த இரவு வருகிறது. அவர் கேட்ட விதத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். 'அருமையான இசை' என்று எழுதிப்போட்டு அவர் நிறுத்தவில்லை. ஒரே நீண்ட சுரமா, பல சிறு ஒலிகளா என்று பிரித்துப் பார்த்தார். தோணிப் பலகையில் காதை வைத்தால் ஒலி கூடுகிறது என்று சோதித்தார். இடம் மாறினால் என்ன ஆகிறது என்று பார்த்தார். எந்தப் பருவத்தில் கேட்கும், மழை வெள்ளம் வந்தால் என்ன நடக்கும் என்று மீனவரிடம் விசாரித்தார். மீனவர்கள் அவருக்குச் சொன்னது மீனைப் பற்றியே இல்லை, ஊரியைப் பற்றி, அழுகிற ஊரி என்று. அதையும் மறைக்காமல் பதிந்தார். கேட்டதை வேறு, அதுக்கான காரணத்தை வேறு என்று பிரித்து வைத்தது பெரிய விசயம். இந்தக் காலத்து ஒலிக்கருவி விமர்சனங்களில் அது அரிதாகத்தான் கிடைக்கிறது.

டெனன்டை இப்போது இழுத்து வர ஒரு காரணம் இருக்கு. வாழைச்சேனையில் நாங்கள் கூத்து அண்ணாவிமாரின் குரல்களை றெக்கோட் பண்ணத் தொடங்கி, அதுக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தோம். கட்டாரில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் லீவில் வந்தபோது ஒரு 'பலன்ஸ்ட்' ஹெட்போன் அம்ப் கொண்டு வந்தார். விலை எங்கட காசில் ஒரு இலட்சத்துக்குக் கிட்ட. "இது இல்லாமல் றெக்கோடிங்கை நீங்கள் சரியாகக் கேட்கவே ஏலாது" என்றார். சேர்த்த காசு அந்த விலைக்குச் சரியாகக் காணும், மிஞ்சாது. எங்களுக்குள் ரெண்டு கட்சி வந்தது. சண்டை பிடிக்க முதல் அந்தச் சொல் எங்க இருந்து வந்தது என்று தேடினோம்.

அது டெலிபோனில் இருந்து வந்தது. முதல் டெலிபோன் இணைப்புகள் தந்தியைப் பார்த்துப் போடப்பட்டவை. ஒரு கம்பி போகும், திரும்பி வாற வழி நிலம். பக்கத்தில் தந்திக் கம்பி ஓடினால் அதன் டக்கு டக்குச் சத்தம் பேச்சுக்குள் நுழையும். மின்சார டிராம் வந்த நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். இதுக்கு மருந்து ரெண்டு கம்பி. 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ரெண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுகிற யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். முறுக்கினால் வெளிச்சத்தம் ரெண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் இருக்கிற கருவி ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். ஒரே அளவில் ஏறினது தானாகக் கழிந்துபோகும். தராசின் ரெண்டு தட்டிலும் ஒரே கல்லை வைத்தால் முள் அசையாதே, அது மாதிரி. பலன்ஸ் என்ற பேர் பொருந்துவது இங்கேதான்.

வானொலி வந்தபோது ஸ்ரூடியோக்கள் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டன. எங்கட நாட்டில் அந்தக் கதை 1923இல் தொடங்குகிறது. கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் இருந்து எட்வர்ட் ஹார்ப்பர் இசைத்தட்டுப் பாட்டை ஒலிபரப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிச் சாமான்களை வைத்துத்தான் அந்த ஒலிபரப்பி செய்யப்பட்டது. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பி.பி.சி. தொடங்கி மூன்றே வருசம்! அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவியிருந்த கிறிஸ்டல் செற்றுக்கு பற்றரி இல்லை, அம்பும் இல்லை. வானலையில் வருகிற துளி மின்சாரமே ஹெட்போனை ஆட்ட வேணும். யூட்டாவில் நத்தானியேல் பால்ட்வின் தன் குசினியில் செய்து 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பின ஹெட்போன் பேர் எடுத்ததும் அதனால்தான், மெல்லிய சிக்னலையும் அது விடாது.

1937இல் ஜெர்மனியில் பையர் கொம்பனியின் டி.டி. 48, 1958இல் மில்வாக்கியில் ஜோன் கொஸ்ஸின் ஸ்ரீரியோ ஹெட்போன் என்று கதை ஓடுகிறது. இதில் எங்களுக்கு வேணுமானது பிளக். இண்டைக்கும் பெரிய ஹெட்போன்களில் இருக்கிற கால் அங்குலப் பிளக் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கோல் மாற்றிக் கொடுத்த பெண்கள் குத்தி எடுத்த அதே பிளக்தான். ஸ்ரீரியோவுக்கு அதில் மூன்று தொடுகை: இடம், வலம், ரெண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. அந்தப் பொது வழிதான் பிரச்சினை என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். பொது வழியின் சிறு தடையினால் இடப்பக்க ஒலி வலப்பக்கத்துக்குக் கொஞ்சம் கசியும். உண்மை. ஆனால் நல்ல வயரில் அந்தக் கசிவு எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலும் காதுக்குப் பிடிபடாத அளவு.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹெட்றூம் கொம்பனி ஒவ்வொரு காதுக்கும் ரெண்டு அம்பை எதிரெதிராக ஓட விட்டு, நாலு தனி வயரில் ஹெட்போனுக்குக் கொடுத்தது. சென்ஹைசரின் எச்.டி. 600 மாதிரி ஒவ்வொரு காதுக்கும் வயரைத் தனியாகக் கழற்றக்கூடிய ஹெட்போன்கள் ஏற்கனவே இருந்ததால் வேலை லேசாகப் போய்விட்டது. 2016இல் சோனியின் விலை கூடின வாக்மன்கள் 4.4 மி.மீ. பலன்ஸ்ட் பிளக்கோடு வந்தன. மறுகா சீனக் கொம்பனிகள் அதை மலிவாக்கி எல்லா இடமும் பரப்பின.

இங்கேதான் சொல் சறுக்குகிறது. டெலிபோனில் பலன்ஸ் செய்தது நூற்றுக்கணக்கான மைலில் ஏறுகிற சத்தத்தைக் கழிக்கிற வேலை. ஹெட்போன் வயர் ஒன்றரை மீற்றர். அதில் ஓடுவது பலமான சிக்னல், தடையும் குறைவு. வெளிச்சத்தம் ஏற அங்கே இடமே இல்லை. ஆகவே பலன்ஸ்ட் ஹெட்போன் அம்ப் தாறது மற்றது, வோல்ட். ஒரு அம்ப் 2 வோல்ட் கொடுக்குமென்றால் எதிரெதிராக ரெண்டு வைத்தால் 4 வோல்ட். 32 ஓம் ஹெட்போனில் 2 வோல்ட் எண்டால் 125 மில்லிவாட், 4 வோல்ட் எண்டால் 500. நாலு மடங்கு! பெட்டியில் பெரிய எழுத்தில் போட நல்ல இலக்கம். டெசிபலில் பார்த்தால் அது வெறும் 6. காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேணும்.

இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தருகிற சாதாரண 32 ஓம் ஹெட்போனை எடுங்கோ. 125 மில்லிவாட் கொடுத்தால் 121 டெசிபல் வரும். உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்ன பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல். அதுக்கு ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு போதும். மிச்சத்துக்குக் காசு கட்டுவது யாருக்காக? 300 ஓம், 600 ஓம் ஹெட்போன்களின் கதை வேறு, அவற்றுக்கு வோல்ட் தேவை. வாத்திய இசையின் திடீர் உச்சங்களுக்கு 4 வோல்ட் அங்கே உதவும். எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை.

விலை ஒரு நியாயமா? 2011இல் பேர் சொல்லாத ஒருவர், என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில், ஓ2 என்ற அம்பின் படம் முழுவதையும் சும்மா வெளியிட்டார். பலன்ஸ்ட் கிடையாது, ரெண்டு 9 வோல்ட் பற்றரியில் ஓடும். அளந்து பார்த்தால் பல மடங்கு விலைக்காரர்களோடு நின்று பிடித்தது. 2012இல் அவர் எழுதுவதை நிறுத்தினார், அதுக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. எங்களுக்கு அவரில் ஒரு காதல் இருக்கிறது, மறைக்கவில்லை.

இலக்கம் மட்டும் போதுமா என்று அந்த நண்பர் கேட்டார், "காது எண்டு ஒண்டு இருக்குதுதானே?" சரியான கேள்வி. எங்கட மண்ணில் அதுக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறின 'யாழ் நூல்' அலகுகளைக் கணக்குப் போட்டுக் காட்டுகிற நூல். அதே ஆள்தான் வாவியின் இசையை நீரரமகளிரின் பாட்டாகக் கேட்டு எழுதினார். கணக்கு வந்ததால் காது செத்துப்போகவில்லை, காது இருந்ததால் கணக்கை விடவும் இல்லை. 1950களில் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் வாவி ஒலியை றெக்கோட் பண்ணின பிறகுதான் தோணியில் ஏறாதவர்களும் அதைக் கேட்டார்கள்.

காதால் சோதிக்கவும் ஒரு வரலாறு உண்டு. 1950இல் பெல் ஆய்வுகூடத்தின் மன்சனும் கார்ட்னரும் ஒரு முறை சொன்னார்கள்: முதலில் 'ஏ', பிறகு 'பி', மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவது எது என்று கேட்பவர் சொல்ல வேணும். ஒலிக்கருவிகளுக்கு ஏற்றபடி அதைச் செய்கிற ஒரு பெட்டியைப் பற்றி 1982இல் டேவிட் கிளார்க் விவரித்து எழுதினார். இதில் முதல் விதி, ரெண்டின் சத்தமும் சமமாக இருக்க வேணும். அரை டெசிபல் கூடினாலும் காது அதைச் 'சத்தம் கூட' என்று சொல்லாது, 'தெளிவு கூட' என்று சொல்லும். பலன்ஸ்ட் பிளக்கோ வொலியூமைத் தொடாமல் மாற்றினால் 6 டெசிபல் கூடத் தரும். அதனால்தான் கடையில் மாற்றி மாற்றிக் குத்திக் காட்டும்போது எல்லாருக்கும் வாய் பிளக்கிறது.

நாங்கள் செய்தது இதுதான். 100 ஹேர்ட்ஸ் தொனி ஒன்றை ஓட விட்டு, மல்டிமீற்றரால் வோல்ட் பார்த்து, ரெண்டு வெளியீட்டையும் சமமாக்கினோம். (பலன்ஸ்ட் பக்கத்தை அளக்கும்போது ஒரே காதின் கூட்டல் கழித்தல் ரெண்டுக்கும் இடையில் அளக்க வேணும். ரெண்டு கழித்தலையும் ஒன்றாக முடிகிற அடப்டர் ஒருநாளும் போடாதீங்கோ, அம்ப் எரியலாம்.) ஒருவர் திரைக்குப் பின்னால் பூவா தலையா போட்டு மாற்றினார். ஏழு பேர் கேட்டோம், ஆளுக்குப் பத்துத் தடவை. ஆறு பேருக்கு நாலு, ஐந்து, ஆறு சரி, குருட்டு ஊகத்துக்கு வாறதுதான். ஏழாமவளுக்கு ஒன்பது. ஊகத்தில் அப்படி வர நூறில் ஒரு வாய்ப்புத்தான் என்பதால் எல்லாரும் நிமிர்ந்தோம். எப்படி என்று கேட்டால், "பாட்டில ஒண்டும் வித்தியாசம் இல்ல, பாட்டு நிண்டதும் பலன்ஸ்ட் பக்கம் ஸ்ஸ்ஸ் எண்டு கேக்குது" என்றாள். ரெண்டு அம்பின் இரைச்சலும் சேர்கிறது, அவள் போட்டிருந்ததோ சிறு சத்தத்துக்கும் துடிக்கிற இயர்போன். டெனன்ட் இருந்திருந்தால் இந்த வசனத்தை எழுதி வைத்திருப்பார்.

நண்பருக்கு அம்பைத் திருப்பிக் கொடுத்தோம், கோபமில்லை. அவரிடம் 300 ஓம் ஹெட்போன் ஒன்று இருக்கிறது, அதோடு அவருக்கு அது நன்றாக வேலை செய்கிறது. காசில் ஒரு மைக்கும், இருபது மீற்றர் பலன்ஸ்ட் மைக் வயரும் வாங்கினோம். மைக்கில் இருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கு, வயரோ நீளம், பெல் முறுக்கின கம்பியின் வேலை அங்கேதான் இருக்கிறது. போன மாதம் வடமோடிக் கூத்து ஒன்றில் அந்த வயர் களரியைச் சுற்றிக் கட்டின ரியூப்லைற் வயரோடு ஒட்டி ஓடியது. வேற வழி இருக்கவில்லை. வீட்டில் வந்து போனின் சாதாரண ஓட்டையில் ஹெட்போனைக் குத்திக் கேட்டோம். மத்தளம் நிற்கிற இடைவெளியில் அண்ணாவியார் மூச்சு இழுக்கிறது கேட்கிறது, அதுக்குப் பின்னால் ஆரோ ஒரு பிள்ளை இருமுகிறது. உறுமல் இல்லை.