ஒரு விளக்கு போனால் ஊரே இருட்டு

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுபவர் ஒருவர் இருந்தார். ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைந்துவிடும். எது போச்சுன்னு தெரியாது. ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பார். இதே தலைவலியோடு 1870களில் அமெரிக்காவில் ஒருவர் மல்லுக்கட்டிய கதையைச் சமீபத்தில்தான் படித்தேன். அவர் சார்லஸ் பிரஷ், ஒஹையோ மாநிலத்துக்காரர்.

அன்றைக்குத் தெருவுக்கு மின்வெளிச்சம் என்றால் ஆர்க் விளக்குதான். இரண்டு கரிக்குச்சிகளுக்கு இடையே மின்சாரம் தாவி எரியும். பிரஷ் அவற்றைத் தொடர்சுற்றில் கோத்தார். காரணம், செம்பின் செலவு. தொடரில் மின்னோட்டத்துக்கு ஒரே பாதை. முதல் விளக்கில் நுழையும் சுமார் 10 ஆம்பியரேதான் கடைசி விளக்கிலும் ஓடும். விளக்குக்கு விளக்கு கரண்ட் குறைந்துகொண்டே போகும் என்றுதான் பள்ளியில் நான் நினைத்திருந்தேன். குறையாது. விளக்குகள் பங்கு போட்டுக்கொள்வது வோல்ட்டை. எத்தனை விளக்கு சேர்த்தாலும் அதே 10 ஆம்பியர் என்பதால் ஒல்லியான கம்பியே போதும்.

சிக்கல் என்னவென்றால், கரி தேய்ந்து ஒரு விளக்கு நின்றால் பாதையே அறுந்துவிடும். ஊரே இருட்டு.

பிரஷ் இதை அவிழ்த்த விதம்தான் எனக்குப் பிடித்தது. விளக்கு தடுமாறும்போது அதன் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் ஏறும். அந்த ஏற்றத்தையே அவர் வேலை வாங்கினார். விளக்குக்குப் பக்கவாட்டில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று. வோல்ட் ஏறினால் அதில் மின்னோட்டம் கூடும், காந்தம் வலுக்கும், ஒரு தொடுமுனையை இழுத்து மூடும். மின்சாரம் கெட்ட விளக்கைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எது போச்சுன்னு யாரும் தேட வேண்டாம், விளக்கே சொல்லிவிடுகிறது!

1879 ஏப்ரல் 29 அன்று கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் 12 விளக்குகள் எரிந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே.

சரம் அறாது என்றானதும் அது நீண்டது. ஒரு விளக்குக்கு ஏறக்குறைய 50 வோல்ட். 40 விளக்கு என்றால் 2000 வோல்ட். தெருக்கம்பத்தின் உச்சிக்கு அது சரி. சமையலறைக்குள் அதை யார் விடுவார்கள்? போதாததற்கு, வீட்டில் ஒரே ஒரு விளக்கை மட்டும் அணைக்க வேண்டும். 1882 செப்டம்பரில் எடிசன் பேர்ல் தெரு நிலையத்தைத் திறந்தபோது 110 வோல்ட்டில், விளக்குகளைப் பக்க இணைப்பில் கொடுத்தார். அதற்குத் தடித்த செம்பு வேண்டியிருந்தது. அந்தச் செலவைக் குறைக்கத்தான் மின்தடை அதிகமுள்ள இழையைத் தேடி அவ்வளவு அலைந்தார்.

பிரஷ் செய்த உபாயம் செத்துப்போகவில்லை. மேல்நாட்டு கிறிஸ்துமஸ் சரங்களின் குட்டி பல்புகள் பலவற்றில், இழைக்குக் கீழே ஆக்சைடு பூசிய ஒரு சின்னக் கம்பி சுற்றியிருக்கும். இழை அறுந்ததும் சரத்தின் மொத்த வோல்ட்டும் அந்த ஒரே பல்பின் மேல் விழும். பூச்சு உடைந்து கம்பி பாதையாகிவிடும். எங்கள் ஊர்க்காரர் வாங்கிய பல்புகளில் அந்தக் கம்பி இல்லை. ஏணிதான்.