கொல்லனைக் கண்காணித்த சட்டம்

1662ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் அச்சுத் தொழிலுக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. அதில் என்னை வியப்பில் ஆழ்த்துவது தணிக்கை விதியன்று. தச்சனையும் கொல்லனையும் பற்றிய விதியே. லண்டன் அச்சகத்தார் சங்கத்திடம் முன்னரே தெரிவியாமல் எந்தத் தச்சனும் அச்சுப்பொறி செய்யலாகாது; எந்தக் கொல்லனும் அதற்கு இரும்பு உறுப்பு அடித்துத் தரலாகாது. எழுதுகிறவன் உள்ளத்தை எட்டிப் பார்க்க எந்தக் காவலனாலும் இயலாது. ஆதலால் பொறியைப் பிடித்தார்கள். 1695இல் அச்சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று.

மாணவ நேயர்களே! அவ்விதியின் சாயலை நான் இன்று அமெரிக்காவில் காண்கிறேன். 2013 மே மாதத்தில் டெக்சஸைச் சேர்ந்த கோடி வில்சன் என்பவர், முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக் கைத்துப்பாக்கி ஒன்றைச் செய்து, அதன் வடிவமைப்புக் கோப்பை இணையத்தில் வெளியிட்டார். வெளியுறவுத் துறை அதை நீக்கச் சொல்வதற்குள், இரண்டே நாட்களில் ஏறத்தாழ 1 லட்சம் முறை அது பதிவிறக்கப்பட்டுவிட்டது. சிந்திய எண்ணெயை யார் அள்ளுவது? பார்வை மீண்டும் பொறியின்மீது திரும்பிற்று. துப்பாக்கி செய்யவல்ல அச்சுப்பொறியை வாங்குவோரின் குற்றப் பின்னணியை ஆராய வேண்டும் என்று 2023இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. துண்டுப்பிரசுரம் சுடாது; இத்துப்பாக்கி சுடும், அதில் தொடர் எண்ணும் இராது. ஆயினும் அதே பொறியில்தான் செயற்கைக் கையும் உருவாகிறது. ஜப்பானில் 2014ஆம் ஆண்டு, இவ்வாறு துப்பாக்கி செய்த ஒருவருக்கு யோக்கோஹாமா நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்தது. அதற்கு முன்பே இருந்த ஆயுதச் சட்டமே போதுமாயிருந்தது.