ஏட்டில் வாழும் மரங்கள்

பழைய மரத்தொழில் ஏடுகளைப் புரட்டுவதில் ஒரு தனி இன்பம் உண்டு. 1875ஆம் ஆண்டில் தோன்றிய ‘இந்தியன் பாரஸ்டர்’ என்னும் வனவியல் இதழும், 1881ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வெளிவந்த, இந்திய மரங்களைப் பற்றிய காம்பிளின் கையேடும் அத்தகையவை. வனத்துறை அதிகாரியான காம்பிள், மரங்களின் நிறம், எடை, பயன் ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்து எழுதினார்; அவற்றின் வட்டாரப் பெயர்களையும் தொகுத்தார். தேக்கு, வேங்கை என்னும் நம் பெயர்கள் அங்கே பிறமொழிப் பெயர்களோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. நேயர்களே, தாயகம் விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, அது உற்றாரை எதிர்பாராது கண்டதை ஒக்கும். ஆயினும், அப்பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் யாவர்? காட்டில் வாழ்ந்தவரும் கோடரி பிடித்தவரும் அல்லரோ? மரத்தின் பெயர் ஏட்டில் ஏறிற்று. அதைச் சொன்னவர் பெயரோ பெரும்பாலும் ஏறவில்லை. நூலை மூடுமுன் அவர்களையும் நினைப்போமாக.